தரையை அளந்த கணக்கு

சொந்தக் கடையின் தரையை ஒருத்தன் எதற்காக அளப்பான்? விற்கப் போகிறவன் அளப்பான், தளம் போடுகிறவன் அளப்பான். இஸ்திரி அக்காவின் அண்ணன் இரண்டும் இல்லை. ஆனாலும் அந்த மழைக்காலத்துத் திங்கட்கிழமை, வேலை தலைக்கு மேல் கிடக்கிற நேரமாகப் பார்த்து, டேப்பை இழுத்துக்கொண்டு இஸ்திரிக் கூடத்துக்குள் நுழைந்தான்.

“கொஞ்சம் நகரு.”

“எதுக்கு?”

“அளக்கணும்.”

இஸ்திரி அக்கா உடனே நகரவில்லை. மேசைமேல் ஒரு வெள்ளைச் சட்டை கிடந்தது. காலர் முடிந்து தோள்பட்டைக்கு வந்திருந்தாள். அந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினால் தடம் விழுந்துவிடும். சுருக்கத்தை எடுத்து, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் ஒதுங்கினாள். அண்ணன் சுவருக்குச் சுவர் டேப்பை இழுத்துப் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டு போய்விட்டான்.

“உங்கண்ணனுக்கு என்ன வந்துச்சு?” என்றாள் துணி மடிக்கிற அம்மா.

“யாருக்குத் தெரியும்? பைத்தியம் பிடிச்சா முதல்ல தரையைத்தான் அளப்பாங்க போல.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தெரு முழுக்க அவளுக்கு இஸ்திரி அக்கா என்றுதான் பேர். அவளைவிடப் பத்து வயது மூத்த தையல்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அப்பா விட்டுப்போன சலவைக் கடையில் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு பகுதியைப் பார்த்துக்கொண்டார்கள். முன்பக்கம் அண்ணனின் சலவை இயந்திரங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நின்றன. பின்பக்கம் தகரக் கூரைக்கு அடியில் தம்பியின் சாயத் தொட்டிகள். வெளுத்துப்போன கால்சட்டை, மங்கிப்போன திரைச்சீலை எல்லாம் அவன் கையில் புதுசாகும். அவன் நகக்கண்ணில் என்றைக்கும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். நடுக்கூடம் இவளுடையது. நான்கு மேசை, துணி தொங்கவிடக் கம்பிகள், மடிக்க ஓர் அம்மா. இஸ்திரிக்கு இடம் வேண்டும். தேய்த்த துணியைக் குவித்தா வைக்க முடியும்?

மாடியில் வீடு. அண்ணன், அண்ணி, தம்பி, இவள், எல்லோருக்கும் ஒரே அடுப்பு. புருஷன் சரியில்லை என்று துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவள் இவள். வந்த மறுநாளே மேசை முன்னால் போய் நின்றுவிட்டாள். ‘வந்து ஒண்டிக்கிட்டா’ என்று ஒரு வாய்கூடச் சொல்லாமல் இருந்தது அந்த மேசையால்தான். அதனால் அந்த மேசை அவளுக்குச் சம்பாத்தியம் மட்டும் இல்லை. தலை நிமிர்ந்து சாப்பாட்டுக்கு உட்கார அது வேண்டும்.

கடையும் மாடியும் சேர்த்துக் கட்டடக்காரருக்கு மாதம் முப்பதாயிரம் வாடகை. சோப்பு, சாயம், கரண்ட், கூலி, அவரவர் கைச்செலவு எல்லாம் போக மூன்று பகுதியிலும் மிஞ்சுவதை ஒன்றாகக் கொட்டி, வாடகையைக் கட்டிவிட்டு, மிச்சத்தைப் பிரித்துக்கொள்வார்கள். பெரிய பணம் ஒன்றும் இல்லை. ஆனால் வழக்கு வந்ததில்லை.

அப்புறம்தான் அண்ணன் வியாபாரிகள் சங்கத்தில் நடந்த ஒரு வகுப்புக்குப் போனான். போகட்டும், படிப்பது நல்லதுதானே. ஆனால் திரும்பி வந்தபோது ஆளே வேறு. ‘பொதுச் செலவைப் பங்கிடுதல்’ என்றான், ‘பகுதிவாரி லாப நஷ்டம்’ என்றான், எதற்கெடுத்தாலும் ‘சராசரி’ என்றான். அதற்கு அடுத்த வாரம்தான் டேப் வந்தது.

மாதக் கடைசியில் கல்லாப்பெட்டிக்கு மேலே சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. மூன்று கட்டம். சலவை, ஒன்பதாயிரம் லாபம். சாயம், மூவாயிரம் லாபம். இஸ்திரி என்று போட்ட கட்டத்தில் சிவப்பு மையால் நாலாயிரம் நஷ்டம்.

இஸ்திரி அக்கா பெட்டியை அணைக்கவும் மறந்து அட்டைக்கு முன்னால் போய் நின்றாள்.

“என்ன அண்ணா இது?”

“கணக்கு. நிதானமாக் கேளு, கோபப்படாதே. உன் பகுதியில போன மாசம் எல்லாச் செலவும் போகப் பதினோராயிரம் மிஞ்சுச்சு. சரியா?”

“சரி.”

“ஆனா கடையில பாதித் தரை உன்னுது. அப்ப வாடகையில பாதி உன் பங்கு, பதினஞ்சாயிரம். பதினொண்ணு கொண்டு வந்துட்டுப் பதினஞ்சு தின்னா நாலு நஷ்டம்தானே? சாயத்துக்குப் பத்தாயிரம் வாடகை, அவன் பதிமூணு கொண்டு வந்தான். எனக்கு அஞ்சாயிரம்தான். நான் பதினாலு கொண்டு வந்தேன்.”

“உன் மிஷின் ஒண்ணு மேல ஒண்ணு நிக்குது. மனுஷங்களை அப்படி அடுக்க முடியுமா?”

“அதுதான் சொல்றேன். இடத்தை வீணாக்காத தொழில்.”

நாலு பேரோடு பழகுகிறவள் அவள். வாய் பேசத் தெரியாதவள் இல்லை. ஆனாலும் யாராவது தனக்காகப் பேசட்டும் என்று எதிர்பார்த்தாள். பக்கத்தில் தம்பி நின்றான். அவனைப் பார்த்தாள். அவன் நகத்தில் ஒட்டிய நீலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“அப்ப இத்தனை நாளா நான் நஷ்டமா?”

“நீ இல்லம்மா, உன் பகுதி. நாங்க ரெண்டு பேரும் சம்பாதிக்கிறதுல அதுக்குப் படியளந்துக்கிட்டு இருக்கோம்.”

படியளக்கிறானாம். கேட்டீர்களா? விடியற்காலையிலிருந்து சூட்டில் நின்று கால் வீங்கிப்போனவளுக்கு, தண்ணீர்ப் பொத்தானை அமுக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்கிறவன் படியளக்கிறானாம்!

“அண்ணா, நான் ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு நான் மேசையைத் தூக்கிட்டுப் போயிடறேன். கட்டடக்காரர் வாடகையில பதினஞ்சைக் குறைச்சுக்குவாரா?”

“அது எப்படிக் குறைப்பாரு? கட்டடம் அப்படியேதானே இருக்கு.”

“அப்ப அந்தப் பதினஞ்சை யாரு கட்டுவா?”

“அது வேற விஷயம். நீ ரெண்டையும் போட்டுக் குழப்பாதே.”

“எது வேற? அவரு கையில வாங்குறது ஒண்ணு, நீ சுவத்துல எழுதுறது ஒண்ணா? நான் போனா என் பதினோராயிரம் போகும். வாடகை போகாது. அப்ப நான் இருந்தா நல்லதா, போனா நல்லதா?”

“வகுப்புல சொல்லிக் குடுத்ததைத்தான் நான் செய்றேன்.”

“ஏன் தரையை அளந்தே? தண்ணியை அளந்திருக்கலாமே. யாரு எவ்வளவு தண்ணி செலவழிக்கிறாங்கன்னு பாத்து வாடகை போட்டிருந்தா மொத்தமும் உன் தலையிலதான் விழும். ஆளுக்குப் பத்துன்னு பிரிச்சாக்கூட எனக்கு ஆயிரம் லாபம். எதை அளக்கிறதுன்னு நீயே முடிவு பண்ணிட்டு, அப்புறம் கணக்கு சொல்லுதுங்கறியே!”

“தரைதான் முறை” என்றான் அண்ணன். “அதோட சராசரியும் பாத்துட்டேன். உன் பகுதிக்கு ஒரு நாளைக்கு சராசரியா எண்பது துணி. அதுக்கு நாலு மேசை எதுக்கு?”

“சராசரி நாள்னு ஒரு நாளு இந்தக் கடைக்கு வந்ததே இல்ல அண்ணா. திங்கக்கிழமை நிக்க இடமில்லாம குவியும், புதன்கிழமை ஈ ஓட்டுவோம். எண்பது துணிக்கு மேசை வெச்சா திங்கக்கிழமை வர்றவங்களைத் திருப்பி அனுப்பவா?”

மாடிப்படியில் அண்ணி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “என்னங்க, அவ சொல்றதுல நியாயம் இருக்கே” என்றாள்.

“உனக்கு என்ன தெரியும்? வகுப்புக்குப் போனது நானா நீயா?”

அண்ணி படியேறிப் போய்விட்டாள்.

இஸ்திரி அக்கா தம்பியிடம் திரும்பினாள். “நீயாவது சொல்லேன்டா.”

“அண்ணன் படிச்சிட்டு வந்திருக்காரு அக்கா. ஏதாவது இருக்கும்” என்றான் அவன்.

அடுத்த மாதமும் மழை. துணி குவிந்தது, அவள் ஞாயிற்றுக்கிழமைகூட நின்றாள். பதினோராயிரத்தைத் தாண்டிக் காட்ட வேண்டும் என்று வெறி. பன்னிரண்டு வந்தது. அட்டையில் மூவாயிரம் நஷ்டம் என்று மறுபடியும் சிவப்பு மை. இஸ்திரியை மூடுவது என்று முடிவெடுத்து, மடிக்கிற அம்மாவைக் கூப்பிட்டு அண்ணன் கணக்கை முடித்து அனுப்பிவிட்டான். மேசைகளை ஒரு சாப்பாட்டுக் கடைக்காரன் வந்து விலை பேசினான். இரும்பு பதிந்து பதிந்து கறுத்த அந்தப் பலகைகளில் யாரோ இனி இலையைப் போட்டுச் சாப்பிடப் போகிறார்கள்.

“நீ ஒண்ணும் கவலைப்படாதே” என்றான் அண்ணன். “மாடியில இரு. அண்ணிக்கு ஒத்தாசையா இரு. சாப்பாட்டுக்கா பஞ்சம்?”

அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. நஷ்டம் என்று எழுதினதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ‘சாப்பாட்டுக்கா பஞ்சம்’ என்றானே, அதில் அவள் இத்தனை வருஷம் நின்று கட்டின மரியாதை மொத்தமும் போய்விட்டது. அன்றைக்கே போய்த் தையல்காரரிடம் கேட்டாள். அவர் கடையின் மூலையில் ஒரு மேசை போட இடம் கொடுத்தார், பின்னால் சும்மா கிடந்த ஒற்றை அறையையும் சின்ன வாடகைக்குக் கொடுத்தார். அண்ணி வாசல்வரை வந்து அழுதாள்.

“போகாதேம்மா. அவர் ஏதோ புத்தி கெட்டுப் பேசறாரு.”

“நான் கோபிச்சுக்கிட்டுப் போகல அண்ணி. நஷ்டம் போகுது, நீங்க நல்லா இருங்க” என்றாள். கோபம்தான். குரல் நடுங்கியதில் தெருவுக்கே தெரிந்தது.

தையல்காரரின் கடையில் இரண்டே நாளில் மூலை நிறைந்துவிட்டது. அவளுடைய பழைய ஆட்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். “அங்கே துவைச்சுச் சுருட்டிக் குடுக்கிறாங்கக்கா. கசங்கினதை வாங்கிட்டுப் போயி நாங்க என்ன பண்றது? இனி துவைக்கவும் வேற கடைதான் பாக்கணும்” என்றார்கள். கேட்டபோது சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. அப்பா கடை.

நடுக்கூடம் காலியாகவே கிடந்தது. அங்கே துணி உலர்த்துகிற இயந்திரம் வரப்போகிறது என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். இயந்திரக்காரன் முன்பணம் கேட்டான். முன்பணம் எங்கே இருந்து வரும்? ஆக, வெறும் தரைக்கு வாடகை போய்க்கொண்டிருந்தது.

மாதம் முடிந்த மறுநாள், கொட்டுகிற மழையில் தம்பி நனைந்துகொண்டு வந்தான். கை முழுக்கப் பச்சைச் சாயம்.

“அக்கா, எனக்கு ஏழாயிரம் நஷ்டமாம்!”

“யாரு சொன்னா?”

“அட்டையில எழுதி ஒட்டியிருக்காரு. அதே தொட்டி, அதே சாயம், அதே பதிமூவாயிரம் கொண்டு வந்து குடுத்தேன். போன மாசம் மூணு லாபம், இந்த மாசம் ஏழு நஷ்டமாம். கேட்டா, இஸ்திரி இல்லாததால அந்த வாடகையை மீதி ரெண்டு பேரும் பிரிச்சுக்கணும், தரைக் கணக்குல எனக்கு இருபது, அவருக்குப் பத்துங்கறாரு. நான் என்ன பண்ணேன் அக்கா? ராத்திரி தூங்கி எந்திரிச்சா நஷ்டமாயிடுவானா ஒருத்தன்?”

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அன்னிக்கு என்னை எழுதினப்ப நீ வாயே திறக்கலயே.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். “என் கட்டத்துல லாபம்னு எழுதியிருந்துச்சு அக்கா. லாபம்னு எழுதியிருக்கறப்ப யாரு கேள்வி கேப்பா?”

திட்டத்தான் நினைத்தாள். இந்தப் பதிலைக் கேட்டதும் திட்டக்கூடத் தோன்றவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்து, “தலையைத் துவட்டு” என்றாள்.

அந்த வாரமே ரொட்டிக்கடைக்காரர் சட்டை தேய்க்க வந்தார். அண்ணனோடு அதே வகுப்பில் உட்கார்ந்தவர். பேச்சுவாக்கில் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அடக் கடவுளே! உங்கண்ணன் ரெண்டாம் நாள் வரவே இல்லையேம்மா.”

“ரெண்டாம் நாளா?”

“ரெண்டு நாள் வகுப்பு அது. முதல் நாள், பொதுச் செலவை எப்படிப் பிரிச்சு எழுதறதுன்னு சொன்னாங்க. ரெண்டாம் நாள் வந்ததும் அந்த வாத்தியார் முதல் வார்த்தையா என்ன சொன்னார் தெரியுமா? நேத்துப் பிரிச்சதை வெச்சு எந்தப் பகுதியையும் மூடிடாதீங்க, மூடினா எந்தச் செலவு நிஜமாவே நின்னுபோகும்னு முதல்ல பாருங்கன்னார். நின்னுபோகாத செலவு மீதி ஆளுங்க தலையில ஏறும், அப்புறம் அவங்களும் ஒவ்வொருத்தரா விழுவாங்கன்னார். நானே கேக் பகுதியை மூடறதா இருந்தேன். அன்னிக்கு விட்டேன்.”

முதல் நாளே எல்லாம் தெரிந்துவிட்டது என்று எழுந்து வந்தவனா தன்னை நஷ்டம் என்றான்? சட்டையைப் பாதியில் போட்டுவிட்டுக் குடைகூட எடுக்காமல் கிளம்பினாள். அவளுடைய மேசை போனது போகட்டும், தம்பியின் தொட்டியாவது மிஞ்சட்டும் என்றுதான் ஓடினாள்.

அண்ணன் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்தான். பின்பக்கம் சாயப் பகுதியை மூடுவதற்காகத் தொட்டிகளைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது.

“ரெண்டாம் நாள் ஏன் போகல நீ?”

“எந்த ரெண்டாம் நாள்?”

“வகுப்புக்கு! ரொட்டிக்கடைக்காரர் எல்லாம் சொல்லிட்டாரு.” சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

அண்ணனின் முகம் ஒரு நிமிஷம் எப்படியோ ஆயிற்று. அப்புறம் சரிசெய்துகொண்டான். “அன்னிக்கு ஒரு மிஷின் பழுதாயிடுச்சு, போக முடியல. அதனால என்ன? முக்கியமானதெல்லாம் முதல் நாளே சொல்லிட்டாங்க. அவரு ரொட்டி சுடறவரு. அவருக்குச் சலவைக் கடையைப் பத்தி என்ன தெரியும்?”

“தெரிய வேண்டாம். நீயே உன் கையால கூட்டிப் பாரு. மூணு பேரும் சேந்து முப்பத்தெட்டாயிரம் கொண்டு வந்தோம். முப்பது குடுத்துட்டு எட்டு மிஞ்சுச்சு. என்னைத் துரத்தினே, இருபத்தேழுதான் வந்துச்சு. அவனையும் துரத்தினா பதினாலு. முப்பதை எங்கேருந்து கட்டுவே?”

“நஷ்டத்தை வெட்டாம லாபம் வராது.”

“அண்ணா, நீ வெட்டறது நஷ்டத்தை இல்ல. வாடகை கட்டுற கையை வெட்டறே!”

“கடைக்கு முன்னாடி நின்னு கத்தாதே. நாலு பேர் பாக்கறாங்க.”

பார்க்கட்டும் என்று நின்றாள். ஆனால் யாரைப் பார்க்கச் சொல்வது? கடையில் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. தம்பி அந்த வாரமே ஒரு சாயப்பட்டறையில் கூலிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே தங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கே எரிச்சலாக இருக்கிறது. சுவரில் அட்டை ஒட்டுவது நின்றுபோனது. ஒட்டியிருந்தால் ஒரே ஒரு கட்டம்தான் இருந்திருக்கும், முழு வாடகையும் அதன் தலையில் உட்கார்ந்திருக்கும். அண்ணன் இயந்திரங்களை ஒவ்வொன்றாக விற்று வாடகை கட்டினான். விற்க விற்க வருமானமும் குறைந்தது. மழைக்காலம் முடிவதற்குள் கட்டடக்காரர் வந்து, கோபமே படாமல், “காலி பண்ணிக் குடுத்துடுப்பா” என்றார். கடை போனால் மாடியும் போகும். இரண்டும் ஒரே வாடகைதானே.

அண்ணியும் அண்ணனும் இரண்டு பெட்டியோடு தையல்காரர் கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைக்கு வந்து நின்றார்கள். வேறு வீடு கிடைக்கும்வரை என்றாள் அண்ணி. இவள் முகத்தைப் பார்த்துக் கேட்கக்கூட அண்ணியால் முடியவில்லை. இஸ்திரி அக்கா பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தாள். பாயை விரித்தாள். காலையில் தேய்த்த துணிக்கு வந்த காசில் அரிசியும் காயும் முட்டையும் வாங்கி வந்து சமைத்தாள். அண்ணன் இளைத்துப்போயிருந்தான். கன்னம் ஒட்டி, அப்பாவைப் போலவே தெரிந்தான். அதைப் பார்த்ததும் அவள் கோபம் பாதி வடிந்துவிட்டது. போனது போகட்டும், இனி இதைப் பற்றிப் பேசவே கூடாது என்று அவள் நினைத்தது சத்தியம்.

மத்தியானம் மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவளே பரிமாறினாள். அண்ணன் நல்ல பசியோடு சாப்பிட்டான். பாதித் தட்டு காலியானதும் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னான்:

“ரெண்டு வருஷம் முன்னாடியே இஸ்திரியை மூடியிருக்கணும். அப்பவே மூடியிருந்தா கடை தப்பிச்சிருக்கும். பாசம் பாத்து விட்டுட்டேன்.”

அண்ணியின் கை வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றது.

இஸ்திரி அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். சாப்பிடுகிறவனிடம் சோற்றைச் சொல்லிக்காட்டக் கூடாது. எதிரியே வந்து உட்கார்ந்தாலும் கூடாது. அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னாள்.

“நீ இப்பத் தின்னுறது இஸ்திரிச் சோறு. இன்னிக்குக் காலையில நாப்பது துணி தேய்ச்சு வாங்கினது. நீ உக்காந்திருக்கிற தரைக்கும் இஸ்திரிதான் வாடகை கட்டுது. நஷ்டம்னு தோணினா தட்டை வெச்சுட்டு எந்திரி.”

“ஐயோ, சாப்பிடறப்ப வேண்டாம்மா. விடும்மா” என்று அண்ணி அவள் கையைப் பிடித்தாள்.

“விட மாட்டேன் அண்ணி. அவன் வாயால சொல்லட்டும். எந்திரிக்கறியா, சாப்பிடறியா?”

அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டின் ஓரத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தான். தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கடையில் தையல் இயந்திரம் ஓடி நின்றது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. மெதுவாக ஒரு பிடி எடுத்து வாயில் போட்டான், மென்றான். அப்புறம் இன்னொரு பிடி.

தட்டு காலியானதும் அதைச் சத்தமில்லாமல் அவள் பக்கம் நகர்த்தினான்.

“இன்னும் கொஞ்சம் போடு” என்றான்.

தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். சொல்லவே இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தட்டு நிறையப் போட்டாள்.